டாக்டர் அக்கா பதில்கள்: ஓட்டக்காரர்கள் கேட்டவை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஓட்டம் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். நம் டர்பன் பக்கத்தில் ஒருவர் ஓடத் தொடங்கினால் ஆறே மாதத்தில் அவர் வாயில் காம்ரேட்ஸ் பேச்சு வந்துவிடும். 1921-லிருந்து டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே நடக்கிற, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓட்டம் அது. அதில் நுழையவே முதலில் ஒரு முழு மாரத்தானை, அதாவது 42.2 கிலோமீட்டரை, குறித்த நேரத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். அதனால் மாரத்தான் கேள்வியும் காம்ரேட்ஸ் கேள்வியும் கலந்தே வருகின்றன, நானும் கலந்தே பதில் சொல்கிறேன். பந்தயங்களின் மருத்துவக் கூடாரங்களில் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று நிச்சயம்: ஓட்டம் மட்டும் ஆளைப் படுக்க வைப்பது குறைவு, ஓட்டத்தோடு நாம் சேர்த்துக்கொள்கிற வீம்பும் மாத்திரையும் அளவில்லாத தண்ணீரும்தான் அதிகம் படுக்க வைக்கின்றன.

அக்கா, எனக்கு 46 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் போடுகிறேன். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனார். கூட வேலை செய்கிற பையன்களைப் பார்த்து நானும் அடுத்த வருஷம் மாரத்தான் ஓடலாம் என்று ஆசை. வீட்டில் 'நெஞ்சு நின்றுவிடும், வேண்டாம்' என்கிறார்கள். யார் சொல்வது சரி?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

தம்பி, உங்கள் ஆசையும் சரி, வீட்டார் பயமும் சரி. முதலில் பயத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டத்தில் இதயம் நின்றுபோனது 59 பேருக்கு. லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்த ஒருவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்து அது தெரியாமல் ஓடியவர். உங்களுக்கோ 40 தாண்டிய வயது, சர்க்கரை, அப்பாவுக்கு இளவயது மாரடைப்பு. இந்த மூன்றும் சேர்ந்த ஆள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் ஷூ கடைக்குப் போக வேண்டும். ரத்த அழுத்தம், கொழுப்பு, இசிஜி பார்த்துவிட்டு, டிரெட்மில்லில் ஓடவிட்டுச் செய்கிற இதயப் பரிசோதனை உங்களுக்குத் தேவையா என்று நேராகவே கேளுங்கள். ஓடும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல், மயக்கம், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது என்று வையுங்கள். 'கேஸ் பிடிச்சிருக்கு' என்று இனோ குடித்துவிட்டு ஓடுகிறவர்கள் நம் ஆட்களில் நிறைய, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சர்க்கரை விஷயத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது மெட்ஃபார்மினை விட கிளிக்லசைடைத்தான். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவருக்கு ஓட்டத்தில் சர்க்கரை தடாலென்று இறங்குவது அபூர்வம். கிளிக்லசைடோ இன்சுலினோ இருந்தால் இறங்கும். ஓடி முடித்து வீட்டில் தூங்கும்போது, நடு ராத்திரியிலும் இறங்கும், ஏனென்றால் சர்க்கரை தீர்ந்துபோன தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே நீண்ட ஓட்டம் இருக்கிற நாளில் மாத்திரை அளவை மாற்றலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். புறப்படுமுன் விரலைக் குத்திப் பாருங்கள்: 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ ரொட்டித் துண்டோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பையில் சூப்பர் சி மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். கை நடுங்கி, குளிர்ந்த வியர்வை வந்து, கூட ஓடுகிறவர் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லத் தொடங்கினால் அது களைப்பு இல்லை, சர்க்கரை இறக்கம். நின்று, மிட்டாயை வாயில் போட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். பாதத்தை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் விரல் இடுக்கு உட்படப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தால் வலிக்காது, வலிக்காதது புண்ணாகும்.

அடுத்த வருஷம் என்று அவகாசம் வைத்திருப்பது நல்ல காரியம். சனிக்கிழமை காலையில் நார்த் பீச்சில் நடக்கிற பார்க்ரன்னுக்குப் போங்கள், 5 கிலோமீட்டர்தான், காசு கிடையாது, நடந்து முடித்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அங்கிருந்து 10, அப்புறம் 21, அதற்கப்புறம் 42. வேகத்துக்கு ஒரே கணக்கு: பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்.

டாக்டர், போன வருஷம் காம்ரேட்ஸில் வழியில் வைத்திருந்த ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் குடித்தேன், தாகம் இல்லாவிட்டாலும் குடித்தேன், அப்படித்தான் கிளப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியில் விரல்கள் வீங்கி மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை, தலைவலி, வாந்தி. நீர்ச்சத்து குறைந்துவிட்டது, இன்னும் குடித்திருக்க வேண்டும் என்கிறார்கள். இந்த முறை உப்பு மாத்திரையும் சேர்த்துக்கொள்ளலாமா?
— வாசகி, ஃபீனிக்ஸ்

இன்னும் குடித்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள், தங்கச்சி. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளங்கள் தண்ணீர் குறைந்ததற்கானவை இல்லை, கூடிப்போனதற்கானவை. மோதிரம் இறுகுவது, வாட்ச் பட்டை தோலில் அழுந்துவது, வயிறு உப்பிக் குலுங்குவது, தலைவலி, குமட்டல். இது முற்றினால் பேச்சு குழறும், வலிப்பு வரும், நினைவு போகும்.

நடப்பது இதுதான். நீண்ட நேரம் ஓடும்போது உடம்பு ஒரு ஹார்மோனைச் சுரந்து, சிறுநீரைப் பிடித்து வைக்கச் சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுகிறது. வெளியே போகும் வழி இப்படிச் சுருங்கியிருக்கும்போது நீங்கள் மேசைக்கு மேசை ஊற்றிக்கொண்டே போகிறீர்கள். ரசத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு எங்கே நிற்கும்? ரத்தத்தில் சோடியம் 135-க்குக் கீழே சரிகிறது, தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவை வீங்குகின்றன. கை விரல் வீங்கினால் மோதிரம்தான் இறுகும், மூளைக்கோ மண்டை ஓட்டுக்குள் விரிய இடம் கிடையாது.

இது உலகத்துக்கே தெரிய வந்தது நம் ஊர் ஓட்டக்காரர்களால்தான். 1985-ல் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் அவரது கூட்டாளிகளும், 7 மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களில் நாலு பேருக்கு இப்படித் தண்ணீர் மிகுந்து சோடியம் சரிந்ததை மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆனாலும் 'தாகம் வருமுன் குடி' என்ற பேச்சு அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது. 2002-ல் பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அதிகம் மாட்டுவது யார் தெரியுமா, முன்னால் பறக்கிறவர்கள் இல்லை. மெதுவாக, நீண்ட நேரம் ஓடுகிறவர்கள். ஒவ்வொரு மேசையிலும் நிற்க அவர்களுக்குத்தான் நேரம் இருக்கிறது.

காம்ரேட்ஸில் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்கு ஒரு மேசை வரும், மொத்தம் நாற்பதுக்கு மேல். மேசைக்கு 300 மில்லி என்று வைத்தால்கூட 12 லிட்டரைத் தாண்டுகிறது. 50 கிலோ உடம்புக்கு அது என்ன கணக்கு என்று நீங்களே பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 400 முதல் 800 மில்லிக்குள் போதும், ஒல்லியாக, மெதுவாக ஓடுகிறவருக்கு அதில் கீழ்ப்பக்கம். ஆனால் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். தாகம் எடுத்தால் குடியுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர்ப் பையை வாங்கித் தலையில் பீய்ச்சிக்கொண்டு போங்கள், கொடுக்கிற பிள்ளைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பல்லால் கடித்து இரண்டு வாய் குடித்துவிட்டு மீதியை நடுரோட்டில் போடாதீர்கள். பாதி நிரம்பிய பிளாஸ்டிக் பை பின்னால் வருகிறவர் காலுக்கடியில் வழுக்கும், மணிக்கட்டு முறிந்து கூடாரத்துக்கு வருகிறவர்களும் உண்டு.

உப்பு மாத்திரை பற்றி. உப்பு கலந்த பானமாக இருந்தாலும் அதில் உள்ள உப்பு நம் ரத்தத்தை விடக் குறைவுதான், அதனால் எனர்ஜேடை அளவுக்கு மீறிக் குடித்தாலும் இதே கதை. மேசையில் உப்புத் தூவி வைத்திருக்கிற வேகவைத்த உருளைக்கிழங்கைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், நாக்குக்கு நன்றாக இருக்கும். ஆனால் உப்பு தின்றோம் என்ற தைரியத்தில் தண்ணீரைக் கூட்டினால் பயனில்லை. ஒரு எளிய சோதனை: பயிற்சியில் நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒன்று ஒன்றரை கிலோ குறைந்திருந்தால் ஒன்றும் பயமில்லை, அன்று முழுவதும் சாப்பாட்டோடு அது திரும்ப வந்துவிடும். எடை கூடியிருந்தால் நீங்கள் அதிகம் குடிக்கிறீர்கள். மோதிரத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

முழங்கால் வெளிப்பக்கம் வலிக்கிறது, இறக்கத்தில் அதிகம். ஓட்டத்தன்று காலையில் இரண்டு மைப்ரோடால், நடுவில் ஒரு கிராண்ட்பா பவுடர் போட்டால் சமாளித்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். அவர் பல வருஷமாக அப்படித்தான் ஓடுகிறார்.
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

உங்கள் நண்பருக்கு நல்ல நேரம், அவ்வளவுதான்.

மைப்ரோடாலில் இருப்பது இபுபுரூஃபன், பாரசிட்டமால், கோடீன் மூன்றும். கிராண்ட்பாவில் ஆஸ்பிரின், பாரசிட்டமால், காஃபீன். ஆக நண்பர் சொன்ன கணக்கில் பாரசிட்டமால் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது, வீக்கத்தை அடக்குகிற மருந்தும் இரண்டு வகை ஒன்றாகப் போகிறது, மேலே தூக்கம் வரவழைக்கிற கோடீன் வேறு. கிராண்ட்பாவைத் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் பார்க்கிறோம், அதனால் அது மருந்து என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

ஓடும்போது ரத்தம் பெரும்பாலும் காலுக்கும் தோலுக்கும் போகிறது, சிறுநீரகத்துக்குப் போவது குறைகிறது. அந்தக் குறைந்த ரத்தத்தை வைத்துச் சிறுநீரகம் சமாளிப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளால். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எல்லாம் அந்தப் பொருளைத்தான் தடுக்கின்றன. 2017-ல் வந்த ஓர் ஆய்வில் 80 கிலோமீட்டர் ஓடியவர்களில் பாதிப் பேருக்கு இபுபுரூஃபனும் மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் அடிபட்டது மாவு மாத்திரைக்காரர்களில் 34 சதவீதம், இபுபுரூஃபன்காரர்களில் 52 சதவீதம். பெரும்பாலும் தானாகச் சரியாகும். சரியாகாதவர் டயாலிசிஸ் வரை போகிறார். தசை கரைந்து ரத்தத்தில் கலப்பதும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இரட்டிப்பு. ஓடி முடித்த பின் சிறுநீர் கோக் நிறத்தில் வந்தாலோ, பல மணி நேரம் வராமலே இருந்தாலோ வீட்டில் படுத்துக் கிடக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வலிக்கு வருவோம். முழங்காலின் வெளிப்பக்கம், இறக்கத்தில் அதிகம் என்றால் இடுப்பிலிருந்து முழங்கால் வரை தொடையின் வெளிப்பக்கமாக ஓடுகிற பட்டை உரசுகிறது என்று சந்தேகிக்கலாம், பிசியோ தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். இடுப்புத் தசையைப் பலப்படுத்தினால், தூரத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். காம்ரேட்ஸில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்கும் இறக்க ஓட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால் பொலி ஷார்ட்ஸ் என்ற மேடு உங்களுக்கு ஆரம்பத்திலேயே கழிந்துவிடும், அது பிரச்சினை இல்லை. பிரச்சினை பைன்டவுனுக்கு இறங்குகிற ஃபீல்ட்ஸ் ஹில். அதுவரை ஓடிக் களைத்த தொடை, செங்குத்தான இறக்கம், ஒவ்வொரு அடியும் முழங்காலில் இறங்கும். முன்கூட்டியே இறக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிப் பழக்கியிருந்தால் தொடை தாங்கும். மாத்திரை போட்டுத்தான் தொடக்கக் கோட்டுக்கு வர முடியும் என்ற நிலை இருந்தால் இந்த வருஷம் உங்களுக்கு ஓட்டம் இல்லை. கசப்பான பேச்சுதான்.

ஓட்டத்துக்கு இன்னும் 10 நாள். நாலு நாளாகக் காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி. நேற்றிலிருந்து காய்ச்சல் விட்டது. பதிவுக் கட்டணம், ஓட்டல் எல்லாம் கட்டியாயிற்று. போகட்டுமா?
— வாசகர், டோங்காட்

மூக்கு மட்டும் ஒழுகுகிறது, தொண்டை லேசாகக் கரகரக்கிறது என்றால் மெதுவாக ஓடிப் பார்க்கச் சொல்லலாம். கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி என்றால், ஓடக்கூடாது. வைரஸ் இதயத் தசையைத் தொட்டிருக்கலாம், அந்த நேரத்தில் 42 கிலோமீட்டர் ஓடினால் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து இருக்கிறது. சம்மர் முடிந்து காய்ச்சல் சீசன் தொடங்குகிற நேரத்தில்தான் நம் பெரிய ஓட்டங்களும் வருகின்றன, அதுதான் தொல்லை.

காய்ச்சல் விட்டு ஒரு வாரமாவது போகட்டும். அதற்குள் காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள், வழக்கத்தை விடப் 10 கூடுதலாக இருந்தால் உடம்பு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. கடைசி மூன்று நாளில் 20 நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள். நெஞ்சு படபடத்தாலோ, மறுநாள் அடித்துப் போட்டது போல இருந்தாலோ போக வேண்டாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓட்டலில் தங்கிவிட்டு, ரோட்டோரம் நின்று கைதட்டிவிட்டு வருவேன். 2025-ல் கேப் டவுன் மாரத்தானையே பலத்த காற்றால் ஓட்டத்தன்று காலையில் ரத்து செய்தார்கள், அத்தனை ஆயிரம் பேரும் கட்டணத்தோடும் விமான டிக்கெட்டோடும் வீடு திரும்பினார்கள், யாருக்கும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

நான் லெனேசியாவில் இருக்கிறேன். வேலைக்குப் போகுமுன் காலை 5 மணிக்குத்தான் ஓட முடியும், தனியாக. அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. இயர்போன் போட்டுக்கொண்டு ஓடினால் எனக்குப் பயம் தெரிவதில்லை.
— வாசகி, லெனேசியா

இயர்போன் போட்டால் உங்களுக்குப் பயம் தெரியாது, பின்னால் வருகிற காரும் ஆளும் நாயும்கூடத் தெரியாது. நம் நாட்டு ரோட்டு ஓட்டப் பந்தயங்களில் அதற்கு அனுமதியும் கிடையாது, ஆகவே இப்போதே விட்டுப் பழகுங்கள்.

இருட்டில் தனியாக வேண்டாம், கண்ணு. இதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. பகல் வெளிச்சத்திலேயே போனைப் பிடுங்குகிற ஊர் இது. உங்கள் பக்கத்தில் ஓட்டக் கிளப் இருக்கும், காலை 5 மணிக்குக் கூட்டமாகப் போவார்கள், சேர்ந்துகொள்ளுங்கள். கிளப்பில் சேர்ந்தால் பந்தயத்துக்கான உரிம எண்ணும் கிடைத்துவிடும். ஒளி பட்டால் மின்னுகிற மேல்சட்டை, நெற்றி விளக்கு கட்டாயம். கார்கள் இடது பக்கம் போகிற நாடு, அதனால் நீங்கள் வலது ஓரத்தில், வருகிற வண்டியை முகம் பார்த்து ஓடுங்கள். ஒரே பாதையில் ஒரே நேரத்தில் தினமும் போகாதீர்கள், வீட்டில் ஒருவருக்கு லைவ் லொகேஷன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், அம்மாவுக்கும் தூக்கம் வரும்.

கோடையில் சாயங்காலம் ஓடலாம் என்று மாற்றினால் இன்னொன்று: உங்கள் ஹைவெல்ட் மேட்டு நிலத்து இடி மின்னல். இடி சத்தம் காதில் விழுந்துவிட்டாலே மின்னல் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது; மரத்தடி வேண்டாம், கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன், 10 நாள் விரதம். அதே வாரக் கடைசியில் பயிற்சி அட்டவணையில் 32 கிலோமீட்டர் இருக்கிறது. முருகன் துணையோடு இரண்டையும் செய்துவிடலாமா?
— வாசகர், கிளேர்வுட்

முருகன் துணை உண்டு, ஆனால் அட்டவணையை எழுதியது முருகன் இல்லை. அதை மாற்றுங்கள்.

தைப்பூசம் வருகிற நேரம் டர்பனில் உச்சக் கோடை, காற்றில் ஈரம் அடர்த்தியாக இருக்கும், வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும், அதனால் உடம்பு குளிராது. ஒரு வேளைச் சாப்பாட்டில் இருக்கிறவர் அந்த வெயிலில் நீண்ட ஓட்டம் போனால் முதலில் வேகம் போகும், அப்புறம் நினைவு போகும். விரத நாட்களில் 5, 6 கிலோமீட்டர், அதுவும் விடிகாலையில் அல்லது சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம் கழித்து, அது போதும். பத்து நாள் தூரத்தைக் குறைத்தால் உங்கள் மாரத்தான் கெட்டுப்போகாது. காவடி அன்று வெறுங்காலோடு சூடான தாரில் நடப்பீர்கள். உள்ளங்கால் கொப்புளித்திருந்தால் அது ஆறும்வரை ஷூவுக்குள் போகாதீர்கள். அலகு குத்துவதாக இருந்தால் டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். புண் வாய் மூடும்வரை ஓட்டம் கிடையாது, வியர்வையும் உரசலும் சீழ் பிடிக்க வைக்கும்.

புரட்டாசியில் கறி மீன் விடுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: ஒரு மாதம் மரக்கறி சாப்பிட்டு ஓடுவதில் எந்தக் குறையும் வராது, பருப்பு, டபுள் பீன்ஸ், கீரை, தயிர் இருந்தால். வருஷம் முழுவதும் மரக்கறி, அதோடு மாதவிடாய், அதோடு வாரம் 60 கிலோமீட்டர் என்று இருக்கிற பெண்கள் இரும்புச்சத்தையும் பி12-ஐயும் ரத்தத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. 'சோம்பல் வந்துவிட்டது' என்று வருகிறவர்களில் பல பேருக்கு இருப்பது ரத்தசோகை.

கால் நகம் இரண்டு கறுத்துவிட்டது. பிடுங்கட்டுமா?
— வாசகர், வெருலம்

வேண்டாம், அதுவாக விழும். ஷூ அரை அளவு பெரியதாக வாங்குங்கள், நகத்தை நேராக வெட்டுங்கள். சர்க்கரை இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். புது ஷூவை மட்டும் பந்தயத்தன்று முதல்முறையாகப் போடாதீர்கள்.

என் கணவர் ஓடுகிறார், நான் பார்க்கப் போகிறவள். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் ஆட்கள் தொப்பென்று விழுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் விழுந்தால் நான் என்ன செய்வது? தண்ணீர் கொடுக்கலாமா?
— வாசகி, ஐசிபிங்கோ

அம்மா, ஓடுகிறவர்கள் கேட்காத கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

கோட்டைத் தாண்டி நின்ற பிறகு விழுந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஓடும்வரை கால் தசை ஒவ்வொரு அடிக்கும் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றதும் ரத்தம் காலிலேயே தேங்கி, ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. படுக்க வைத்து இரண்டு காலையும் நாற்காலி மேலோ உங்கள் மடியிலோ உயர்த்தி வையுங்கள், சில நிமிடத்தில் தெளிந்துவிடுவார். இது வராமல் இருக்க, முடித்ததும் நிற்காமல் பத்து நிமிடம் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். காம்ரேட்ஸில் 12 மணி நேரம் முடிந்தது என்று துப்பாக்கி வெடிக்குமுன் கோட்டைத் தொட வேண்டும் என்று கடைசியில் உயிரைக் கொடுத்து ஓடுகிறவர்களுக்கு இது அதிகம் வரும்.

கோட்டுக்கு முன்னாலேயே, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தால் விஷயம் வேறு. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சு இல்லை, அல்லது மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடுகிறார் என்றால் இதயம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரைக் கைகாட்டி மருத்துவக் குழுவைக் கூப்பிடச் சொல்லுங்கள், செல்போனில் 112, ஆம்புலன்ஸுக்கு 10177. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழம் போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள், ஆள் வரும்வரை நிறுத்தாதீர்கள். விலா எலும்பு முறியுமே என்று பயப்பட வேண்டாம். ஷாக் கொடுக்கிற பெட்டி வந்தால் அதுவே என்ன செய்ய வேண்டும் என்று பேசும். ஓட்டத்தில் இதயம் நின்று பிழைத்தவர்கள் பிழைத்தது பக்கத்தில் இருந்தவர் உடனே நெஞ்சை அழுத்தியதால்தான்.

மூச்சு இருக்கிறது, ஆனால் உளறுகிறார், யாரென்று தெரியவில்லை, உடம்பு கொதிக்கிறது என்றால் வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). தோல் வறண்டிருக்க வேண்டும் என்று இல்லை, ஓட்டக்காரருக்கு வியர்த்தபடியே வரும். மருத்துவர்கள் உள்ளே வெப்பத்தை அளந்து 40 டிகிரிக்கு மேல் இருந்தால் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள், முதலில் குளிர்வித்துவிட்டு அப்புறம்தான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். அவர்கள் வரும்வரை நிழலுக்கு இழுத்து, கையில் கிடைக்கிற தண்ணீர்ப் பை எல்லாவற்றையும் உடம்பில் ஊற்றி விசிறுங்கள்.

தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். தெளிவாகப் பேசி, அவராகவே கேட்டால் கொடுங்கள். உளறுகிறவர் வாயில் ஊற்றாதீர்கள். ஃபீனிக்ஸ் தங்கச்சிக்கு எழுதியதைப் படித்தால் காரணம் புரியும், புரையேறுகிற ஆபத்தும் இருக்கிறது. அப்புறம் ஒன்று: அவருடைய பந்தய எண் அட்டையின் பின்பக்கத்தில் நோய், மாத்திரை, ஒவ்வாமை, உங்கள் போன் நம்பர் எழுத இடம் இருக்கும். பெரும்பாலான ஆண்கள் அதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். முந்தின ராத்திரி நீங்களே நிரப்பிவிடுங்கள்.

ஓடி முடித்ததும் மட்டன் பன்னி (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தருவது) சாப்பிடலாமா அக்கா? அதற்காகத்தான் ஓடுகிறேன்.
— வாசகர், மெரேபேங்க்

சாப்பிடலாம், ஒரு மணி நேரம் கழித்து, குமட்டல் அடங்கி ஒரு தடவை சிறுநீர் போன பிறகு. முதலில் குவார்ட்டர், அதாவது கால் ரொட்டி, மட்டும் வாங்குங்கள், அரை ரொட்டியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். முந்தின ராத்திரி மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள், 30-வது கிலோமீட்டரில் கழிப்பறை வரிசையில் நிற்பீர்கள்.